ஜார்ஜ் கார்லின்: விமானப்படை ரேடாரிலிருந்து ஸ்டாண்ட்-அப் மேடைக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் பற்றிப் பேச்செடுத்தால் அமெரிக்கக் காமெடியன் ஜார்ஜ் கார்லின் பெயர் வராமல் இருக்காது. அவர் அமெரிக்க விமானப்படையில் வேலை பார்த்தவர் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். அவருடைய படை வாழ்க்கை, மேடை வாழ்க்கை, எழுதும் முறை ஆகியவை பற்றி ரசிகர்களும் புதிதாக மேடையேறுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

அவர் ஏன் விமானப்படையில் சேர்ந்தார்? நாட்டுப்பற்றா, வறுமையா?

இரண்டும் இல்லை, கணக்குப் போட்டுத்தான் சேர்ந்தார். கார்லின் 1937 மே 12 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பிறந்தார். அப்பாவின் குடியால் பெற்றோர் பிரிந்தபோது அவர் கைக்குழந்தை. அம்மா மேரி அலுவலகச் செயலாளர் வேலை பார்த்துக்கொண்டு, மேற்கு 121ஆம் தெருவில் இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்தார். அம்மா வேலைக்குப் போன நேரத்தில் கார்லினுக்குத் துணை ரேடியோதான். பள்ளி வயதிலேயே தன் பாதையை வரிசையாக முடிவு செய்துவிட்டார்: முதலில் ரேடியோ அறிவிப்பாளர், பிறகு மேடைக் காமெடியன், பிறகு சினிமா நடிகர்.

பிராங்க்ஸில் இருந்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி அவரை வெளியேற்றியது. அந்தக் காலத்தில் அமெரிக்க இளைஞர்களுக்குக் கட்டாயப் படைச்சேவை இருந்தது. அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் 1954இல், 17 வயதில், தானாகவே போய்ச் சேர்ந்தார். சேவை முடிந்ததும் முன்னாள் படைவீரர்களுக்கான அரசுக் கல்வி உதவியை வாங்கி ரேடியோ பயிற்சிக்குப் போகலாம் என்பது எண்ணம். கொரியப் போர்க்கால உதவிகள் 1955 ஜனவரி 31க்குள் சேர்ந்தவர்களுக்குத்தான் என்பதால், தள்ளிப்போட்டிருந்தால் அந்த வாய்ப்பு போயிருக்கும்.

படையில் என்ன வேலை பார்த்தார்? போருக்குப் போனாரா?

போருக்குப் போகவில்லை. அவர் சேர்வதற்கு முந்தைய ஆண்டே கொரியாவில் போர்நிறுத்தம் வந்துவிட்டது. அவருக்குக் கிடைத்தது ரேடார் டெக்னீஷியன் வேலை. லூசியானா மாநிலத்தில் ஷ்ரீவ்போர்ட் நகரை ஒட்டிய பார்க்ஸ்டேல் தளத்தில் பி-47 குண்டுவீச்சு விமானங்களின் ரேடாரைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. அணுகுண்டு தாங்கும் விமானங்கள். அன்றைய ரேடார் கருவிகள் வெற்றிடக் குழாய்களில் ஓடியவை. சூடாகும், குழாய் போகும், ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்ற வேண்டும். பொறுமையும் ஒழுங்கும் கேட்கும் வேலை. மேலதிகாரி சொன்னதற்குத் தலையாட்டுவது கார்லினுக்கு வரவே வராது.

மூன்று முறை கோர்ட் மார்ஷல் ஆனது உண்மையா? அவமானகரமாக வெளியேற்றினார்களா?

முதல் பாதி உண்மை. மூன்று முறை படை நீதிமன்றத்தின் முன் நின்றார். அது போக, விசாரணை இல்லாமல் தளபதியே கொடுக்கும் சிறு தண்டனைகள் பலவும் வாங்கினார். இரண்டாவது பாதி தவறு. அமெரிக்கப் படையில் ‘டிஸ்ஹானரபிள்’ வெளியேற்றம் என்பது உயர்நிலை படை நீதிமன்றம் குற்றத்துக்காக விதிக்கும் தண்டனை. கார்லினுக்குக் கிடைத்தது ‘ஜெனரல் டிஸ்சார்ஜ்’. நிர்வாகம் தானாக எடுக்கும் முடிவு அது. முழு மரியாதையோடு விடைகொடுப்பதற்கு ஒரு படி கீழே. ‘பயன்தராத வீரர்’ என்று குறிப்பெழுதி, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே 1957 ஜூலை 29 அன்று அனுப்பிவிட்டார்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதும் வாழ்க்கைக் குறிப்புகள் இணையத்தில் நிறைய உள்ளன.

படையிலிருந்து நேராக மேடைக்கு வந்தாரா?

இல்லை, நடுவில் ரேடியோ இருக்கிறது. படையில் இருக்கும்போதே ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே கிடைத்த பழக்கத்தில் கே.ஜே.ஓ.இ. என்ற உள்ளூர் நிலையத்தில் பாட்டுப் போடும் அறிவிப்பாளர் ஆனார். அரசு உதவியில் படித்து அடையலாம் என்று நினைத்த வேலை, சீருடையைக் கழற்றும் முன்பே கைக்கு வந்துவிட்டது. அவருக்குப் படை செய்த பெரிய உதவி இதுதான் என்பது எங்கள் கருத்து. சின்ன ஊர் நிலையம், தினமும் பல மணி நேரம் மைக், தப்பு செய்தால் பெரிதாகக் கேட்பாரில்லை. நியூயார்க்கில் 19 வயதுப் பையனுக்கு அப்படி ஒரு பயிற்சிக் களம் கிடைத்திருக்காது.

1959இல் பாஸ்டன் நிலையம் ஒன்றில் ஜாக் பர்ன்ஸ் என்பவரைச் சந்தித்தார். நிலையத்தின் செய்தி வண்டியை நியூயார்க்குக்கு ஓட்டிப்போனதில் அந்த வேலை போனது. பிறகு டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். பகலில் ரேடியோ, இரவில் ஒரு காபி கடையில் ஜோடி நகைச்சுவை. 1960 தொடக்கத்தில் கலிபோர்னியா போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தேசிய அளவில் ஒளிபரப்பாகும் பின்னிரவு டி.வி. நிகழ்ச்சியில் தோன்றினார்கள். 1962இல் ஜோடி பிரிந்தது. கார்லின் தனியாக மேடையேறியது அதன் பிறகுதான்.

படை அனுபவம் அவர் நகைச்சுவையில் எங்கே தெரிகிறது?

மூன்று இடங்களைக் காட்டலாம்.

ஒன்று, 1960களில் அவரைப் பிரபலமாக்கிய ‘இந்தியன் சார்ஜென்ட்’. ஹாலிவுட் படங்களில் குதிரையில் வந்து வண்டிகளைத் தாக்கும் செவ்விந்தியப் படைக்கும் ஒரு சார்ஜென்ட் இருந்திருப்பார் அல்லவா என்பதுதான் கற்பனை. அவர் நியூயார்க் தெருக் குரலில், காலை அணிவகுப்பில் அறிவிப்புப் பலகையைப் படிக்கிற தோரணையில் உத்தரவு போடுவார். வெள்ளிக்கிழமை இரவு மழை நடனம் உண்டு, வானிலை ஒத்துழைத்தால். இந்த அறிவிப்புத் தொனியைப் படையில் நின்று கேட்டவரால்தான் இவ்வளவு துல்லியமாகப் பிடிக்க முடியும். (இனம் பற்றிய சித்தரிப்பு அந்தக் காலத்துக்குரியது. இன்று கேட்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.)

இரண்டாவது, 1990இல் வந்த சொல்மழுப்பல் பற்றிய பகுதி. போரில் மனம் உடைந்த வீரனின் நிலைக்கு முதல் உலகப் போரில் ‘ஷெல் ஷாக்’ என்று பெயர், இரண்டே அசை. இரண்டாம் உலகப் போரில் ‘பேட்டில் ஃபட்டீக்’, நான்கு அசை. கொரியாவில் ‘ஆபரேஷனல் எக்ஸாஸ்ஷன்’, எட்டு அசை. வியட்நாமில் அது ‘போஸ்ட்-ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்’ ஆனது. மேடையில் அசைகளை எண்ணிக்கொண்டே போவார். பெயர் நீளநீள வலி மறைந்துபோகிறது, பழைய பெயரே இருந்திருந்தால் வியட்நாம் வீரர்களுக்கு உரிய கவனிப்பாவது கிடைத்திருக்கும் என்பது அவர் வாதம். அதில் சிரிப்பு குறைவு, கோபம் அதிகம். படைவீரர்கள் மீது அவருக்கு இருந்த அக்கறை ஒளிவுமறைவில்லாமல் தெரியும் இடம் இது.

மூன்றாவது, வளைகுடாப் போரை முன்வைத்து 1992 நிகழ்ச்சியில் பேசியது. போரை நடத்துகிறவர்களின் ஆண்மைப் பெருமையைக் கிழித்துப்போட்டார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் 1970இல் ஏன் எல்லாவற்றையும் மாற்றினார்?

1960களின் கார்லின் கோட்டும் டையும் போட்டவர். ‘இன்றிரவு வானிலை: இருட்டு’ என்று சொல்லும் ஹிப்பி வானிலை அறிவிப்பாளர் போன்ற பாத்திரங்களை டி.வி.யில் செய்து நல்ல பணம் சம்பாதித்தார். ஆனால் கேட்டவர்கள் தன் பெற்றோர் வயதுக்காரர்கள் என்பதும், தன் மனம் அவர்களுடைய பிள்ளைகள் பக்கம் இருப்பதும் அவருக்கு உறுத்தியது. லாஸ் வேகஸ் ஹோட்டல் ஒன்றில் மேடையில் சொன்ன சொற்களுக்காக 1969இலும் 1970இலும் தகராறு வந்து வேலை போனது. அதன்பின் தாடி வளர்த்து, ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு, குறைந்த பணத்துக்குக் காபி கடைகளிலும் கல்லூரிகளிலும் பேசினார்.

1972 தொடக்கத்தில் வந்த ‘எஃப்.எம். & ஏ.எம்.’ எல்.பி. இசைத்தட்டு இந்த மாற்றத்தை அப்படியே காட்டும். ஒரு பக்கம் பழைய பாணி, மறுபக்கம் புதியது. அதற்கு கிராமி விருது கிடைத்தது. அதை வெளியிட்ட லிட்டில் டேவிட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிளிப் வில்சனும் விமானப்படையிலிருந்து வந்த காமெடியன்தான்.

‘ஏழு சொற்கள்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் கார்லினைச் சிறைக்கு அனுப்பியதா?

இல்லை. இரண்டு தனித்தனிச் சம்பவங்களை ஒன்றாக்கிச் சொல்கிறார்கள்.

முதல் சம்பவம் கைது. டி.வி.யில் ஒருபோதும் சொல்லக்கூடாத ஏழு சொற்கள் என்ற பகுதியை 1972 ஜூலை 21 அன்று மில்வாக்கி நகரின் சம்மர்ஃபெஸ்ட் திறந்தவெளி மேடையில் நிகழ்த்தினார். குடும்பங்கள் உலாவும் திருவிழா மைதானம், ஒலிபெருக்கிச் சத்தம் எங்கும் கேட்டது. மேடையை விட்டு இறங்கியதும் போலீஸ் கைது செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பேச்சு அநாகரிகம்தான், ஆனால் பேச்சுரிமைக்குள் வருகிறது, கலவரம் எதுவும் நடக்கவில்லை என்பது காரணம்.

இரண்டாவது, ரேடியோ வழக்கு. 1973 அக்டோபர் 30 பிற்பகல் 2 மணியளவில், நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையம் அவருடைய 1973 ஆல்பத்திலிருந்து அதே பொருளில் அமைந்த 12 நிமிடப் பகுதியை ஒலிபரப்பியது. மகனோடு காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டுப் புகார் அனுப்பினார். ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் அரசுத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கும் நிலையத்தை நடத்திய பசிஃபிக்கா அறக்கட்டளைக்கும் இடையே நடந்த வழக்கு அது. கார்லின் அதில் தரப்பினரே அல்ல. 1978 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேச்சு ஆபாசம் அல்ல, அநாகரிகம். குழந்தைகள் கேட்கக்கூடிய நேரத்தில் அதைப் பொது அலைவரிசையில் கட்டுப்படுத்தலாம் என்றது. இரவு 10 முதல் காலை 6 வரை விலக்கு என்னும் ஏற்பாடு இதைத் தொடர்ந்து பின்னாளில் வந்ததுதான்.

அப்படியானால் எச்.பி.ஓ.வில் எப்படி அதே சொற்களைப் பேசினார்?

எச்.பி.ஓ. பொது அலைவரிசையில் வருவதில்லை. பணம் கட்டியவர் வீட்டுக்குக் கேபிளில் போகிறது. அதனால் அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. ஆனாலும் 1977இல் வந்த முதல் நிகழ்ச்சியில், கடுமையான பகுதி தொடங்கும் முன் படத்தை நிறுத்தி எச்சரிக்கை போட்டார்கள். வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. 1977 முதல் 2008 வரை மொத்தம் 14 எச்.பி.ஓ. நிகழ்ச்சிகள் செய்தார். கடைசி நிகழ்ச்சி 2008 மார்ச் 1 அன்று கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவிலிருந்து நேரலையாகப் போனது. அதே ஆண்டு ஜூன் 22 அன்று இதயம் செயலிழந்து இறந்தார், வயது 71.

அவர் எழுதிய முறை என்ன? அதை நாங்கள் பின்பற்ற முடியுமா?

முடியும். இதற்கு மேதைமை தேவையில்லை. படை அதிகாரிகளால் அவரிடம் வாங்க முடியாத ஒழுங்கை இந்த ஒரு வேலையில் அவர் தானாகக் கொடுத்தார்.

தோன்றியதை உடனே துண்டுத்தாளில் குறிப்பார். முழுச் சிரிப்பும் வந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சொற்றொடர், ஓர் எரிச்சல், ஒரு பட்டியலின் முதல் இரண்டு பொருள் போதும். பிறகு அந்தத் தாள்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து வைப்பார்: மொழி, வீட்டு விலங்குகள், விளம்பரம், மதம், விமானப் பயணம் என்று. பிற்காலத்தில் இதே கோப்புகள் கணினிக்கு மாறின. முக்கியமான படி அடுத்ததுதான். கோப்புகளை அடிக்கடி திறந்து படிப்பார். படிக்கும்போது பழைய குறிப்போடு புதியது ஒட்டிக்கொள்ளும். ஒரு கோப்பு தடித்ததும் அதை ஆரம்பம் முதல் முடிவு வரை முழு வாக்கியங்களாக எழுதுவார். பிறகு சிறிய ஊர்களின் அரங்குகளில் தாளைக் கையில் வைத்துக்கொண்டே சோதிப்பார். புதிது என்று கூட்டத்திடமே சொல்லிவிடுவார். நின்றது மனப்பாடமாகும், நிற்காதது மறுபடி கோப்புக்குப் போகும். ஒரு மணி நேரம் தேறியதும் எச்.பி.ஓ. பதிவு. அதன்பின் அடுத்த மணி நேரத்துக்கான வேலை தொடங்கும்.

புதியவர்களிடம் இந்த முறை உடையும் இடம் ஒன்றுதான். குறிப்பு எழுதுவார்கள், ஆனால் திரும்பப் படிக்க மாட்டார்கள். போனில் நானூறு குறிப்பு கிடக்கும், தலைப்பே இருக்காது. வாரத்தில் ஒரு மணி நேரம் குறிப்புகளைப் பிரிக்க மட்டும் ஒதுக்குங்கள். அன்று புதிதாக எதுவும் எழுத வேண்டாம். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்ற ஓப்பன் மைக்கில் ஐந்து நிமிட செட்டுக்கு (ஒரு முறை பேசும் பகுதிக்கு) நானூறு, நானூற்றைம்பது சொல் போதும். சிரிப்புக்கும் மூச்சுக்கும் இடம் விடாமல் எழுநூறு எழுதிக்கொண்டு போனால், நேரம் முடிகிறது என்று விளக்கு காட்டும்போது முக்கியமான பஞ்ச் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். சிரித்தார்கள் என்று நமக்குத் தோன்றும் இடமும் பதிவில் உண்மையாகவே சிரிப்புச் சத்தம் உள்ள இடமும் பெரும்பாலும் வேறு வேறு.

கெட்ட வார்த்தைதானே அவர் பலம்?

இந்தத் தப்பெண்ணம்தான் அவரைப் பின்பற்றுபவர்களை மிகவும் கெடுக்கிறது. ஏழு சொற்கள் பகுதியிலேயே சிரிப்பு அந்தச் சொற்களில் இல்லை. ஒன்று ஏன் பட்டியலில் சேர்ந்தது, இன்னொன்று எந்தப் பொருளில் அனுமதிக்கப்படுகிறது என்று அவர் இலக்கண ஆசிரியர் போல ஆராய்வதில்தான் இருக்கிறது. வசைச்சொல்லை எடுத்துவிட்டுப் படித்தாலும் வாதம் நிற்கிறதா என்று உங்கள் செட்டைச் சோதியுங்கள். நிற்கவில்லை என்றால் எழுத்தில்தான் குறை. இதே மனிதர் 1990களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கான ‘தாமஸ்’ ரயில் கதைகளுக்கு அமெரிக்காவில் குரல் கொடுத்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவர் வாழ்க்கை சறுக்கிய இடங்கள் எவை?

1970களின் நடுவில் கோகைன். பிறகு சொந்தப் பணத்தில் எடுக்க முயன்று முடியாமல் போன ஒரு படம். வரி கட்டாமல் விட்டது பெருங்கடனாகி, தீர்க்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. 1978, 1982, 1991 என்று மூன்று மாரடைப்புகள். விடாமல் ஊர் ஊராகப் பேசியதற்கு அந்த வரிக்கடனும் ஒரு காரணம். அத்தனை மேடை ஏறியதில்தான் 1992இன் ‘ஜாமின் இன் நியூயார்க்’ போன்ற உச்சம் வந்தது. அவருக்கே மிகவும் பிடித்த நிகழ்ச்சி அது. 1997இல் மனைவி பிரெண்டா புற்றுநோயில் இறந்தார். 2004 கடைசியில் மதுவுக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையானதிலிருந்து மீளத் தானாகவே சிகிச்சைக்குச் சேர்ந்தார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

1992 நிகழ்ச்சியில் தொடங்குங்கள். அடுத்து 1990ஐப் பாருங்கள். மேலே சொன்ன படைவீரர் பகுதி அதில்தான் இருக்கிறது. பிறகு 1972இன் இரண்டு ஆல்பங்கள். கடைசிக்கால நிகழ்ச்சிகளில் கசப்பு ஏறியிருக்கும். அவற்றை முதலில் கேட்டால் ஆள் எப்போதும் கத்துபவர் என்று தோன்றிவிடும். கைப்பிரதிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் 2018இல் திறந்த தேசிய நகைச்சுவை மையத்துக்குப் போகலாம். அவருடைய ஆவணத் தொகுப்பு அங்கே இருக்கிறது.

படையிலிருந்து காமெடிக்கு வந்த வேறு யாரைக் கேட்கலாம்?

டான் ரிக்கிள்ஸ் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். ரிச்சர்ட் பிரையர் தரைப்படையில் சேர்ந்து மேற்கு ஜெர்மனியில் இருந்தார். ட்ரூ கேரி அமெரிக்க மரைன் படையின் துணைப்படையான ரிசர்வில் 1980 முதல் ஆறு ஆண்டுகள் இருந்தார். நகைச்சுவை எழுதுவது எப்படி என்று நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தே தொடங்கினார். ராப் ரிகிள் நேர்மாறு: நடிப்பையும் மரைன் வேலையையும் சேர்த்தே பார்த்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்றார். இன்று அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு ஆர்ம்டு சர்வீசஸ் ஆர்ட்ஸ் பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பு இலவசமாக ஸ்டாண்ட்-அப் வகுப்பு எடுக்கிறது. வகுப்பின் முடிவில் ஒவ்வொருவரும் பொதுமக்கள் முன் மேடையேற வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அவர் பெயரில் வரும் உருக்கமான கட்டுரை அவருடையதா?

இல்லை. ‘கட்டடங்கள் உயர்ந்தன, பொறுமை குறைந்தது’ என்ற போக்கில், மனைவி இறந்த துக்கத்தில் எழுதியதாகச் சுற்றும் அந்தக் கட்டுரை ஓர் அமெரிக்கப் பாதிரியார் எழுதியது. கார்லின் உயிரோடு இருந்தபோதே தன்னுடையது அல்ல என்று தன் வலைத்தளத்தில் மறுத்தார். அதன் நடையும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதே போல 2024 ஜனவரியில், செயற்கை நுண்ணறிவில் செய்தது என்று சொல்லி அவர் குரலைப் போன்ற குரலில் ஒரு மணி நேர நிகழ்ச்சி வெளியானது. குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். சில மாதங்களில் சமரசம் ஏற்பட்டு அது நீக்கப்பட்டது. எந்த மேற்கோளாக இருந்தாலும் எந்த ஆல்பம் அல்லது எந்த ஆண்டு நிகழ்ச்சி என்று கேளுங்கள்; சொல்லத் தெரியவில்லை என்றால் பகிர வேண்டாம். அவர் மேடைப் பேச்சில் பெரும்பகுதி பதிவாகியிருப்பதால் சரிபார்ப்பது கடினம் அல்ல.